மீசைக்காரர் வீட்டுக் கல்யாணம்

ஐப்பசி மாதத்து அடைமழை இரவு ஒன்றில் நம் வீட்டுக் கூடத்திலே ஒரு கல்யாணம் ஆரம்பமாயிற்று. மேளமில்லை, பந்தலில்லை, வீட்டுக்காரராகிய நமக்கு அழைப்புக்கூட இல்லை. விடியற்காலையில் கண்ணாடித் தொட்டியின் விளக்கைப் போட்ட நம் பெண், "அப்பா! கண்ணாடியிலே யாரோ ஜவ்வரிசியை ஒட்டி வைத்திருக்கிறார்கள்!" என்று கூவிய பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஜவ்வரிசி அல்ல, முட்டைகள். கடுகளவில், தேன் கலந்த பால் போன்ற நிறத்தில், இங்கே மூன்றும் அங்கே ஐந்துமாகக் கண்ணாடியில் அப்பிக் கிடந்தன. கல்யாணமோ இன்னும் முடிந்தபாடில்லை. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஆறு மீசைக்காரர்கள் தொட்டியை இப்பாலும் அப்பாலும் அமர்க்களப்படுத்திக் கொண்டிருந்தார்கள்.

இந்த மீசைக்காரர்களை நேயர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கோரிடோரஸ் என்பது இவர்களுடைய குலப் பெயர். கடைக்காரர்கள் சுருக்கமாகக் 'கோரி' என்கிறார்கள். கெளுத்தி வகையைச் சேர்ந்தவர்கள்தாம். ஆனால் நம் ஏரிக் கெளுத்திக்கும் இவர்களுக்கும் உறவு வெகு தூரம். பிறந்த ஊர் தென் அமெரிக்கா. நம் வீட்டில் இருப்பது வெண்கல நிறக் கோரி. 1858-ம் வருஷத்தில் கில் என்ற அமெரிக்கப் பண்டிதர் டிரினிடாட் தீவிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டு இதற்கு முதன் முதலில் பெயரிட்டார். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்று இறங்கிக் கொண்டிருந்தார்களே, அதே டிரினிடாட், அதே காலம். அவர்கள் போன வழிக்கு எதிர்வழியாக இந்த மீன் இங்கே வந்து, இன்று சென்னைக் கொளத்தூரில் தெருத்தெருவாக இருக்கும் மீன் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குள் அமர்ந்து விழிக்கிறது. நாமும் அங்கிருந்துதான் வாங்கி வந்தோம்.

கோரிடோரஸ் என்ற கிரேக்கப் பெயருக்குத் தலைக்கவசமும் தோற்கவசமும் அணிந்தவன் என்பதுபோலப் பொருள் கூறுவார்கள். 2024-ல் இந்தக் குலத்தைப் பண்டிதர்கள் பாகப்பிரிவினை செய்து, நம் வெண்கலக் கோரியை ஆஸ்டியோகாஸ்டர் என்ற வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மீனுக்கு இதெல்லாம் தெரியாது; நாமும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருப்போம். கவசம் என்றது மட்டும் மிகையில்லை. செதிலுக்குப் பதிலாக இருபுறமும் இரண்டிரண்டு வரிசையாக எலும்புத் தகடுகள், ஓட்டு வீட்டுக் கூரை போல அடுக்கப்பட்டிருக்கின்றன. மார்புத் துடுப்பின் முன்னே ஒரு முள். அதை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ள இதற்குத் தெரியும். அகப்பட்டால் வலை கிழியும், அல்லது மீன் நோகும். இவ்வளவு ஆயுதபாணியாக இருந்தும் பரம சாது. நாள் முழுவதும் மீசையால் மணலைத் துழாவி, அகப்பட்டதைத் தின்று, நடுவில் ஒருமுறை அம்பு போல மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே வந்துவிடும். அந்தக் காற்றைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது. நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. அன்று ஞாயிற்றுக்கிழமை. எதிர் வீட்டுப் பையன், நம்மிடம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறவன், கணக்குச் சந்தேகம் கேட்க வந்தவன், கணக்கை மறந்து தொட்டியின் முன் உட்கார்ந்துவிட்டான். நாமும் ஆசிரியருக்குரிய மிடுக்குடன் விளக்கலானோம்.

"பெண் மீன் முட்டையிடும். ஆண் மீன் பின்னோடு வந்து அதன்மேல் விந்தைச் சொரியும். நீரிலேயே இரண்டும் கலந்து கருவாகும். மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் முறை."

இந்த நான்கு வாக்கியங்களையும் நாம் இருபது வருஷங்களாக வகுப்பில் சொல்லி வருகிறோம். அவற்றுள் மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழும். வேகமும் கொஞ்சம் கூடும். பின் பெஞ்சியில் யாராவது சிரித்துவிடப் போகிறார்களே என்ற பயம். ஆகவே எந்த மாணவனும் அந்த இடத்தில் நம்மை நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை.

இந்தப் பையன் கேட்டான். அரைமணி நேரம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, "ஸார், ஆண் மீன் முட்டைப் பக்கமே வரவில்லையே?" என்றான்.

"நீ சரியாகக் கவனித்திருக்க மாட்டாய், தம்பி" என்றோம்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. வாத்தியார் சொன்ன பிறகு பையன் என்ன பேசுவான்? ஆனால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ஒரு சங்கடம் வந்தது. கல்யாணக் களைப்பு நீங்கிய பெற்றோர்கள் தாங்கள் ஒட்டிய முட்டைகளைத் தாங்களே பொறுக்கித் தின்ன ஆரம்பித்தார்கள்! நம் கடலோரக் கெளுத்தியில் ஆண் மீன், முட்டைகளை வாயிலே சுமந்து வாரக்கணக்கில் பட்டினி கிடந்து அடைகாக்கிறது என்பது நேயர்களில் மீன் பிடிக்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தியாகத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடையாது. ஒட்டிய இடத்தை மறந்துவிட்டால் போதும், முட்டையும் ஆகாரந்தான்.

நம் பெண் அழாத குறையாக நின்றாள். உடனே பழைய ரேஷன் கார்டின் ஓரத்தால் முட்டைகளை மெல்ல வழித்தெடுத்து, ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவிக் குழாய் ஜலம் நிரப்பி அதில் போட்டோம். எண்பத்து மூன்று முட்டைகள் என்று பெண் எண்ணிச் சொன்னாள். ஜாடியைப் பத்திரமாக மூடியும் வைத்தோம்! தெரியாதவன் காட்டும் சிரத்தை எவ்வளவு அபாயமானது என்பதற்கு அந்த மூடி ஒன்றே போதும்.

இரண்டாம் நாள் சில முட்டைகள் வெளுத்தன. மூன்றாம் நாள் வெளுத்தவற்றின்மேல் பஞ்சு போலப் பூஞ்சணம் படர்ந்து பக்கத்து முட்டைகளையும் சுற்றிக்கொண்டது. நான்காம் நாள் ஜாடியில் இருந்தது ஒரு பஞ்சுருண்டை. இல்லத்தரசி ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துப் போய்த் துளசிச் செடிக்கு ஊற்றினாள். பெண் இரண்டு நாள் தொட்டிப் பக்கம் வரவில்லை.

பையன் வந்து விசாரித்தான். "ஆண் மீன் வராததால்தான் கெட்டுப்போயிற்றோ, ஸார்?" என்றான். தர்க்கத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் மூன்றாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பழுப்பேறியிருந்த சில முட்டைகளுக்குள் இரண்டு கரும்புள்ளிகளை நாம் நம் கண்ணாலேயே கண்டிருந்தோம். அவை கண்கள். கருவாகாத முட்டைக்குக் கண் ஏது? ஆகவே எங்கேயோ எப்படியோ கரு உண்டாகித்தான் இருக்கிறது. ஆண் மீனோ அருகே வரவில்லை என்று பையன் சாதிக்கிறான். இரண்டும் உண்மையானால் இருபது வருஷப் பாடம் என்ன ஆவது? அன்றிரவு நமக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

இரண்டாவது கல்யாணத்தை நாமே கூட்டி வைப்பதென்று தீர்மானித்தோம். இது ஒன்றும் பிரம்ம வித்தையல்ல. தென் அமெரிக்காவில் மழைக்காலம் வந்ததும் ஆறுகள் பெருகிக் கரை புரளும்; புது வெள்ளத்தால் ஜலம் குளிரும்; கரையோரத்துக் காடுகளில் நீர் புகுந்து நுண்ணுயிர்களும் புழுக்களும் பெருகும். குஞ்சுகளுக்கு வேண்டிய சாப்பாடு நிறைய அகப்படும் காலம் அதுதான். எனவே வயிறு நிறைந்திருந்து ஜலமும் குளிர்ந்தால் 'மழை வந்தது' என்று மீனின் உடம்பு முடிவு செய்துகொள்கிறது. நமது ஊர் ஐப்பசி மழை அதைத்தான் செய்திருந்தது. மழைக்கு முன் வரும் காற்றழுத்தத் தாழ்வும் இவற்றைத் தூண்டும் என்று மீன் வளர்ப்போர் சொல்கிறார்கள்.

பத்து நாள் ரத்தப்புழுவாகப் போட்டு விருந்து வைத்தோம். மேலிருந்து பார்த்தால் பெண் மீன்கள் உருண்டு திரண்டு அகலமாகத் தெரியும்; ஆண்கள் ஒல்லி. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் இருந்தால் நல்லது. நம் ஆறு பேரில் தெய்வாதீனமாக அப்படியே அமைந்திருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் மூன்றிலொரு பங்கு ஜலத்தை எடுத்துவிட்டு, குளோரின் வாடை போக முதல்நாளே பிடித்து வைத்திருந்த ஜலத்தை மூன்று நான்கு டிகிரி உஷ்ணம் குறையும்படி குளிரவைத்து ஊற்றினோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பமாகிவிட்டது. எதிர் வீட்டுப் பையனுக்குச் சொல்லியனுப்பினோம். பல் கூடத் துலக்காமல் ஓடி வந்தான்.

இம்முறை நாம் வாயைத் திறக்கவில்லை. பார்த்தது மட்டுமே.

ஆண் மீன்கள் பெண்ணைத் துரத்தி, அதன் முதுகையும் தலையையும் மீசையால் தடவிக்கொண்டே போகின்றன. பிறகு ஓர் ஆண் திடீரென்று பெண்ணின் முன்னே குறுக்காகத் திரும்பி ஒருபுறமாகச் சாய்கிறது. பெண் தன் வாயை ஆணின் வயிற்றடியில், துவாரம் இருக்கும் இடத்தில், கொண்டுபோய் ஒட்டிக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் ஆங்கிலத்து 'டி' எழுத்துப் போன்ற தோற்றம். சில விநாடிகள் இருவரும் நடுங்குகிறார்கள். பிறகு ஆண் தன் வழியே போய்விடுகிறது. பெண் அசையாமல் நிற்கிறது. அதன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும், நாம் கையேந்தி நீர் வாங்குவதுபோலக் குவிகின்றன. அந்தக் குவிந்த கைக்குள் சில முட்டைகள் வந்து விழுகின்றன. அவற்றை ஏந்திக்கொண்டு பெண் தன்னந்தனியாகக் கண்ணாடிக்கு நீந்திச் சென்று, ஓரிடத்தை வாயால் தேய்த்துச் சுத்தம் செய்து, வயிற்றை அழுத்தி ஒட்டுகிறது. திரும்பவும் துரத்தல், திரும்பவும் 'டி'.

பையன் நோட்டைத் திருப்பிக் காட்டினான். முதல் கல்யாணத்தன்று அவன் போட்ட கோடுகள்: முட்டை ஒட்டிய தடவைகள் பதினொன்று, ஆண் மீன் உடன் வந்த தடவைகள் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் நாம் புத்தகங்களைத் தேடிப் போனோம். இந்தக் கேள்வி நமது பையன் ஒருவனுக்கு மட்டும் உதித்ததன்று. கோரிகளில் புள்ளிக் கோரி என்று ஒன்று உண்டு. பீகிள் கப்பலில் சென்ற டார்வின் சேகரித்து வந்த மீன், 1842-ல் ஜெனின்ஸ் என்பவர் பெயரிட்டது. அதைப் பாரிஸ் நகரத்தில் பியேர் கார்போன்யே என்பவர் 1878-லேயே தொட்டியில் குஞ்சு பொரிக்கச் செய்துவிட்டார். அன்று முதல் எத்தனையோ தேசங்களில் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் இந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஆனால் கரு எப்படி உண்டாகிறது என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இல்லை. பெண் மீன் விந்தை வாயில் அடக்கிக்கொண்டுபோய்க் கண்ணாடியில் பூசி, அதன்மேல் முட்டையை ஒட்டுகிறது என்று சிலர் சொன்னார்கள். கண்ணாடியை வாயால் தேய்ப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விந்து நீரில் கசிந்து தானாகவே போய்ச் சேருகிறது என்றார்கள் வேறு சிலர்.

1995-ல் ஜப்பானில் ஒஸாக்கா நகரத்தைச் சேர்ந்த கோடா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் நம் வெண்கலக் கோரியை வைத்துக்கொண்டே இதற்கு விடை கண்டார்கள். இருவரும் 'டி' போல நிற்கும் சமயத்தில் பெண்ணின் வாயருகே கொஞ்சம் நீலச் சாயத்தைச் செலுத்தினார்கள். சில விநாடிகளில் அந்த நீலம் பெண் மீனின் பின்புறத் துவாரத்தின் வழியே, குவிந்திருக்கும் வயிற்றுத் துடுப்புகளின் அருகே, வெளிப்பட்டது! அதாவது, பெண் மீன் ஆணின் விந்தைக் குடிக்கிறது. குடித்தது குடல் வழியாக விரைந்து ஓடி, செரிக்காமல் உயிருடன் மறுபுறம் வந்து, அதே கணத்தில் துடுப்புக் கைக்குள் விழும் முட்டைகளோடு கலந்துவிடுகிறது. கண்ணாடிக்குப் போவதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. ஆண் மீன் அங்கே எதற்காக வர வேண்டும்?

குடலுக்குள் போனது ஜீரணமாகாதா என்று நேயர்கள் கேட்கலாம்; இல்லத்தரசியும் இதைத்தான் முதலில் கேட்டாள். இங்கேதான் அந்த ஒரு வாய் காற்று வருகிறது. கோரி மேலே வந்து விழுங்கும் காற்றுக் குடலுக்குள் சென்று, அங்குள்ள மெல்லிய சுவரின் வழியாகப் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு, திரும்பி வாய்க்கு வராமல் பின்புறமாகவே வெளியேறுகிறது. ஆகவே வாயில் புகுந்ததைத் தங்கவிடாமல் மறுபுறம் அனுப்பும் ராஜபாட்டை ஒன்று அந்தச் சிறு உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. சுவாசத்துக்குப் பயன்படும் வழியே சந்ததிக்கும் பயன்படுகிறது என்பது நம் ஊகம். இன்னொரு லாபமும் உண்டு. நீரில் சொரிந்தால் பக்கத்தில் நிற்கும் வேறோர் ஆணின் விந்தும் கலந்துவிடலாம். ஓடும் நீரில் அடித்துக்கொண்டும் போய்விடலாம். குடித்த விந்துக்கு அந்த அபாயமில்லை.

குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் இவ்வளவும் எழுதலாமா என்று யோசித்தோம். யோசித்தபோது, இருபது வருஷங்களாக அந்த மூன்றாவது வாக்கியத்தைக் குரல் தாழ்த்தி அவசரமாகக் கடந்து வந்த ஞாபகம் குறுக்கிட்டது. எழுதிவிட்டோம்.

திங்கட்கிழமை முதல் வகுப்பிலேயே, "மீன்களைப் பற்றி நாம் சொன்னதில் ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னோம். பின் பெஞ்சியில் எதிர்பார்த்தபடி இருவர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. "இந்தத் திருத்தத்தைச் செய்தவன்" என்று எதிர் வீட்டுப் பையனைச் சுட்டிக் காட்டினோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

இரண்டாம் தடவை முட்டைகளின் கதி என்ன ஆயிற்றென்று கேட்பீர்கள். மூடியில்லாத அகன்ற தட்டில், தாய்த் தொட்டியின் ஜலத்தையே ஊற்றி, காற்றுக் குழாயிலிருந்து மெல்லிய குமிழிகள் மட்டும் எழும்படி வைத்தோம். தெருக்கோடியிலிருக்கும் வாதா மரத்தின் உலர்ந்த இலை ஒன்றைப் போட்டோம். அதிலிருந்து இறங்கும் துவர்ப்புப் பூஞ்சணத்தை அண்டவிடாது என்பது மீன் வளர்ப்போர் கைகண்ட முறை. மெத்திலீன் நீலத்தை இரண்டு சொட்டு விடுவோரும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வெளுத்த முட்டையை வெளுத்த அன்றே அகற்றுவது. நம் பெண் இந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டு காலையும் மாலையும் ஒரு துளிகுழலுடன் உட்கார்ந்துவிடுவாள். நான்காம் நாள் காலையில் முட்டைத் தோல்கள் வெறுமையாகக் கிடந்தன. தட்டின் அடியில், வால் முளைத்த தூசி என்று சொல்லத் தக்கவை துடித்துக்கொண்டிருந்தன. எழுபத்தொன்றில் நாற்பத்தாறு.

முதல் இரண்டு நாள் வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த கருவுணவே போதும். மூன்றாம் நாள், வேகவைத்த முட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றினோம். மீன் குஞ்சுக்குக் கோழி முட்டை! யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்த அசட்டுத்தனம். மறுநாள் காலை ஜலம் கெட்டு நாற்றமெடுத்து, குஞ்சுகளில் பாதி போய்விட்டன. அதன்பின் உப்பு ஜலத்தில் பொரியும் ஆர்ட்டீமியா என்ற பொடிக் கூனியை அன்றாடம் பொரிக்கவைத்து, உப்புப் போகக் கழுவிக் கொடுத்தோம். அதைத் தின்ற குஞ்சுகளின் வயிறு செம்மஞ்சளாகத் தெரியும். பசியாறிற்றா என்று தனியே விசாரிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் கொஞ்சம் ஜலத்தை மாற்றி, அடியில் மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அழுக்குத் தரையில் முதலில் கெடுவது மீசைதான். மீசை போனால் துழாவித் தின்னும் ஜீவனம் திண்டாட்டமாகிவிடும். கூரான சரளைக் கல்லும் ஆகாது. பொடி மணலே உத்தமம்.

இப்போது பத்தொன்பது குஞ்சுகள் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்து, கவசமும் மீசையுமாக, பெற்றோரைப் பார்த்துச் செய்த பொம்மைகள் போலத் திரிகின்றன. எதிர் வீட்டுப் பையன் ஆறு குஞ்சுகளை ஒரு பாத்திரத்தில் வாங்கிப் போயிருக்கிறான். கூட்டமாக வாழும் ஜாதியாகையால் ஒன்றிரண்டாகக் கொடுப்பதில்லை. தொட்டியை ஜன்னல் வெயிலில் வைத்திருப்பதாக நம் பெண் வந்து சொன்னாள். சித்திரை வெயிலுக்கு முன்னால் உள்ளறைக்கு மாற்றும்படி இன்று காலைதான் சொல்லியனுப்பினோம்.